கிழமை எழுதும் பலகை

இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் போதும். சாக்பீஸால் எழுதும் கரும்பலகையாகவும் இருக்கலாம், மார்க்கரால் எழுதித் துடைக்கும் வெள்ளைப் பலகையாகவும் இருக்கலாம். அதில் எழுதுவது ஐந்தாறு வரிதான். இது எந்த இடம், இன்று என்ன கிழமை, என்ன தேதி, வெளியே வெயிலா மழையா, அடுத்த வேளைச் சாப்பாடு என்ன, அடுத்து வரும் பண்டிகை எது.

மறதி நோயோடு வாழ்கிறவர்களுக்காக உருவான கருவிகளில் இவ்வளவு எளிமையானது வேறில்லை. இது அமெரிக்க மருத்துவமனை வார்டுகளில் தொடங்கி, இங்கிலாந்தின் முதியோர் இல்லங்களில் பேர் கெட்டு, பிறகு திருந்தி, சென்னைக்குத் தமிழில் வந்து சேர்ந்தது. வழியில் அது கற்றுக்கொண்ட பாடம் நம் ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டியது. அதற்காகவே இந்தப் பலகையின் கதையைச் சொல்கிறேன்.

வார்டில் பிறந்தது

1958. கான்சாஸ் மாநிலம், டோபீகா நகரம். முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் ஜேம்ஸ் ஃபோல்சம் என்ற மனநல மருத்துவர் வேலை பார்த்தார். அங்கே பல ஆண்டுகளாக வார்டிலேயே கிடந்த முதியவர்களுக்குச் சாப்பாடு, குளியல், படுக்கை ஆகிய மூன்றுதான் வாழ்க்கை. வயதாகிக் குழம்பிப்போனவருக்கு இனி மருத்துவத்தால் ஆகக்கூடியது எதுவுமில்லை என்பதே அன்றைய எண்ணம்.

ஃபோல்சம் வார்டு உதவியாளர்களை நம்பி ஒரு வேலையில் இறங்கினார். டாக்டர் தினம் சில நிமிடங்களே வந்துபோவார். குளிப்பாட்டுகிறவரும் சோறு ஊட்டுகிறவரும்தான் நாள் முழுக்க நோயாளியோடு இருக்கிறார்கள். அவர்கள் பேசும் ஒவ்வொரு பேச்சிலும் நோயாளியின் பெயர், இருக்கும் இடம், நாள், நேரம் வரவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். 1965இல் அலபாமாவின் டஸ்கலூசா மருத்துவமனையில் இது முழுத் திட்டமாக வளர்ந்தது. லூசில் டால்பி என்ற செவிலியரும் ஃபோல்சமும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1966இல் வெளிவந்தது.

திட்டத்துக்கு இரண்டு பகுதி. ஒன்று, இருபத்து நாலு மணி நேரமும் நடப்பை நினைவுபடுத்திப் பேசுவது. மற்றது, தினம் அரை மணி நேரம் சிறு குழுவாக உட்கார்ந்து நடத்தும் வகுப்பு. வகுப்பின் நடுவில் இருந்தது நம் பலகை. பள்ளிக்கூடத்தை விட்டு அறுபது வருடம் ஆனவர்கள் மறுபடி பலகையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். கைவிடப்பட்டவர்களோடு தினம் அரை மணி நேரம் யாரோ உட்கார்ந்து பேசியதே அந்தக் காலத்தில் பெரிய மாற்றம்.

கடல் கடந்தது, பேர் கெட்டது

1970களில் பலகை இங்கிலாந்துக்குப் போனது. அங்கே 1975இல் ப்ரூக், தேகன், மேதர் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வு, சிறியதானாலும் கூர்மையானது. இரண்டு குழு நோயாளிகளை ஒரே மாதிரி அறையில் வைத்தார்கள். பலகை, கடிகாரம், நாள்காட்டி, படங்கள் எல்லாம் இருவருக்கும் ஒன்றே. ஒரு குழுவோடு மட்டும் பயிற்சியாளர் உட்கார்ந்து பேசினார், ஈடுபடுத்தினார். அந்தக் குழு முன்னேறியது. பொருள்களோடு மட்டும் விடப்பட்ட குழுவிடம் தொடக்கத்தில் தெரிந்த சிறு மாற்றம் நிலைக்கவில்லை. சுவரில் மாட்டிய பலகையால் தானாக ஒன்றும் ஆகாது, பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

தெரிந்தும் பல இடங்களில் நடந்தது வேறு. ஆள் போடச் செலவாகும், பலகை மாட்டச் செலவில்லை. வகுப்பும் மெல்ல மெல்லப் பரீட்சையாக மாறியது. "இன்னிக்கு என்ன கிழமை? தப்பு. மறுபடி சொல்லுங்க." பதில் தெரியாதவருக்குத் தனக்குத் தெரியவில்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும். தினம் ஒரு தடவை பத்துப் பேர் நடுவில் அது நிரூபணமானால் மனம் என்ன பாடுபடும்?

இதைவிடக் கொடுமை ஒன்றும் இருந்தது. "அவர் எங்கே?" என்று கேட்கும் மூதாட்டியிடம், நடப்பைச் சொல்ல வேண்டும் என்ற விதிக்காக, "உங்க வீட்டுக்காரர் செத்து இருபது வருஷம் ஆச்சு" என்று சொன்னால், அவருக்கு அது புதுச் சாவு. மறுநாள் மறுபடி கேட்பார், மறுபடி ஒரு சாவு. இந்த முறை மனத்தைக் காயப்படுத்துகிறது என்று 1989இல் அமெரிக்க முதியோர் மருத்துவ இதழிலேயே எழுதினார்கள். அதற்கு முன்பே நவோமி ஃபைல் என்ற சமூகப் பணியாளர், முதியவரைத் திருத்துவதை விட்டு அவர் சொல்லும் உணர்ச்சியைப் பிடித்துப் பேசுங்கள் என்று 1982இல் புத்தகம் எழுதியிருந்தார். பலகை கழற்றப்பட வேண்டிய பொருளாகிவிட்டது.

பலகை திருந்தியது

அதைக் குப்பையில் போடாமல் காப்பாற்றியவர்கள் உளவியலாளர்கள் ஏமி ஸ்பெக்டரும் பாப் உட்ஸும், மனநல மருத்துவர் மார்ட்டின் ஆரெலும். பழைய ஆய்வுகளை எல்லாம் பிரித்துப் பார்த்து, அவற்றில் எது பலன் தந்தது, எது புண்படுத்தியது என்று தேடினார்கள். பலன் தந்தவற்றை மட்டும் சேர்த்து, வாரம் இரண்டு அமர்வு, ஒன்றுக்கு 45 நிமிடம், ஏழு வாரத்தில் 14 அமர்வு என்று ஒரு குழுத் திட்டம் வகுத்தார்கள். அறிவுத் தூண்டல் பயிற்சி என்று சொல்லலாம். குழுவில் ஐந்து முதல் எட்டுப் பேர். எல்லோருக்கும் மறதி நோய் லேசான அல்லது நடுத்தர நிலையில் இருக்கும்.

ஓர் அமர்வைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். குழுவுக்கு உறுப்பினர்களே பேர் வைத்திருக்கிறார்கள், அந்தப் பேர் பலகையின் மேல் வரியில் இருக்கிறது. அவர்களே தேர்ந்தெடுத்த பாட்டோடு அமர்வு தொடங்குகிறது. மெத்தென்ற பந்து ஒன்று கை மாறிப் போகிறது, பிடிக்கிறவர் தன் பேரையோ தனக்குப் பிடித்த ஒன்றையோ சொல்கிறார். பிறகு பலகை. தேதியை யாரும் யாரிடமும் கேட்டுத் துளைப்பதில்லை, எல்லோரும் சேர்ந்து பார்த்து எழுதுகிறார்கள். அன்றைய செய்தித்தாள் வருகிறது. அதன்பின் அன்றைய பொருள். சிறுபிள்ளைக் காலம், சாப்பாடு, ஒலிகள், முகங்களும் காட்சிகளும், பணம், சொல் விளையாட்டு என்று ஒவ்வொரு நாளும் ஒன்று.

திட்டத்தின் உயிர்நாடி ஒரு விதியில் இருக்கிறது: தகவலைக் கேட்காதே, கருத்தைக் கேள். "இந்தப் படத்தில் இருப்பது யார்?" என்று கேட்டால் பதில் சரி அல்லது தப்பு. இரண்டு நடிகர்களின் படத்தை வைத்து "யாரைப் பிடிக்கும்? ஏன்?" என்று கேட்டால் தப்பே கிடையாது. பேர் ஞாபகம் இல்லாதவருக்கும் பிடித்த முகம் இருக்கும். அதைப் பற்றிப் பேசும்போது சொற்கள் வருகின்றன, சில சமயம் பேரும் தானே வந்து விழுகிறது.

23 இல்லங்களிலும் பகல் மையங்களிலும் 201 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2003இல் வந்தது. பயிற்சி பெற்றவர்களின் அறிவுத்திறன் மேம்பட்டது. வாழ்க்கை நன்றாக இருக்கிறதா என்ற கேள்விக்கு அவர்களே தந்த மதிப்பும் கூடியது. இங்கிலாந்து அரசின் மருத்துவ வழிகாட்டும் அமைப்பு, மாத்திரை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இப்படிப்பட்ட குழுப் பயிற்சியைத் தர வேண்டும் என்று 2006இல் பரிந்துரைத்தது. இத்தகைய பயிற்சிகளைச் சோதித்த 37 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பீடு 2023இல் வந்தது. அதன் கணக்கில், அறிவுச் சரிவு சுமார் ஆறு மாதம் தள்ளிப்போகிற அளவுக்குப் பலன் இருக்கிறது. நோய் குணமாகாது, நிற்கவும் நிற்காது. ஆனால் மகளின் கல்யாணத்தை அறிந்து அனுபவிக்க ஆறு மாதம் கிடைப்பதன் அருமை அந்தக் குடும்பத்துக்குத் தெரியும்.

தமிழ் கற்றது

பலகையைத் தமிழுக்குக் கொண்டுவந்தது சென்னையின் ஸ்கார்ஃப். டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய மனநல ஆராய்ச்சி நிறுவனம் அது. அங்கே மனநல மருத்துவர் ஸ்ரீதர் வைத்தீஸ்வரனும் குழுவினரும் மறதி நோய்க்கென்று தனிப்பிரிவு நடத்தி, இங்கிலாந்தின் கையேட்டைத் தமிழ்நாட்டு முதியோருக்கு ஏற்பத் திருத்தினார்கள். இது நம்மவர்க்கு ஒத்துவருமா, நடத்த முடியுமா என்று பார்த்த முன்னோட்ட ஆய்வு 2017இல் வெளியானது. பிறகு பிரேசில், இந்தியா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளில் இந்தப் பயிற்சியைப் பரப்பும் கூட்டுத் திட்டத்தில் சென்னையும் இடம்பெற்றது.

வேறு நாட்டுக் கையேட்டை அப்படியே மொழிபெயர்த்தால் வேலைக்காகாது. லண்டன் பாட்டியின் சிறுபிள்ளை விளையாட்டு வேறு, நம் பாட்டியின் பல்லாங்குழி வேறு. பணம் பற்றிய அமர்வில் நம்மவர் கையில் காலணாவும் ஓட்டைக் காலணாவும் கொடுத்தால்தான் கதை பிறக்கும். சாப்பாட்டு அமர்வில் கேக்கை வைத்து என்ன பேசுவது? மிளகு ரசத்துக்குப் பூண்டு நசுக்குவதா, அரைப்பதா என்று கேட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் போதாது. தான்சானியாவின் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களோடும் இந்தப் பயிற்சி நடந்து பலன் தந்தது. எழுத்து அறியாதவருக்கு இது இல்லை என்று யாரும் கதவைச் சாத்த முடியாது.

நோயுள்ளவருக்கே நோயைச் சொல்வது

பலகையின் பயணத்தோடு இன்னொரு மாற்றமும் சேர்ந்து வந்தது. மறதி நோய் பற்றிய கல்வி நெடுங்காலம் குடும்பத்தாருக்கு மட்டுமே நடந்தது. நோயுள்ளவர் பக்கத்து அறையில் காத்திருப்பார். அமெரிக்காவில் ராபின் யேல் என்ற சமூகப் பணியாளர் ஆரம்ப நிலை நோயாளிகளை ஒன்றாக உட்காரவைத்து அவர்கள் நோயைப் பற்றி அவர்களிடமே பேசினார், அப்படிக் குழு நடத்துவது எப்படி என்று 1995இல் புத்தகமும் எழுதினார். அதே 1995இல் ஆஸ்திரேலிய அரசு அதிகாரி கிறிஸ்டின் பிரைடனுக்கு 46 வயதில் மறதி நோய் என்று தெரிந்தது. அவர் மேடையேறி, எங்களைப் பற்றிப் பேசும்போது எங்களையும் கூப்பிடுங்கள் என்றார்.

நம் வீடுகளில் இது இன்னும் நடப்பதில்லை. "அப்பாகிட்ட சொல்லாதீங்க டாக்டர், தாங்க மாட்டார்" என்கிறோம். அப்பாவோ ஒரு வருடமாக இரவில் தூங்காமல், தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்துகொண்டிருப்பார். "இதற்கு ஒரு பேர் உண்டு, எனக்கும் இதுதான், நான் இப்படிச் சமாளிக்கிறேன்" என்று பக்கத்து நாற்காலிக்காரர் சொல்வதைக் கேட்டால் வரும் ஆறுதலை எந்த டாக்டராலும் தர முடியாது. குழுவாகக் கற்பதன் பலமே அதுதான்.

அந்தக் குழுவில் கற்பதற்கு நிறைய இருக்கிறது. இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது. காது மந்தமானால் கருவி போட்டுக்கொள்வது, ஏனென்றால் கேட்காத காது மறதியை இரட்டிப்பாக்கிக் காட்டும். தினம் நடப்பது. காலை, பகல், இரவு என்று அறை பிரித்த மாத்திரைப் பெட்டி வைத்துக்கொள்வது. வெளியே போகும்போது சட்டைப்பையில் முகவரிச் சீட்டு. வங்கிக் கணக்கு, உயில், வாரிசு நியமனம் ஆகியவற்றைத் தன் கையெழுத்து தன் வசம் இருக்கும்போதே முடிப்பது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்னொரு வழியும் தருகிறது. பின்னால் தனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், தன் சார்பில் யார் பேசவேண்டும் என்று ஒருவர் இப்போதே எழுதிவைக்கலாம். இதெல்லாம் ஆரம்ப நிலையில்தான் முடியும். நோயை மறைத்து நாம் கடத்தும் ஒவ்வொரு மாதமும் அவருடைய உரிமையிலிருந்து எடுத்த மாதம்.

மர்பி டவுனில் மாட்டினால்

பலகை அடுத்து வரவேண்டிய பெங்களூருக்கு இந்த விஷயம் புதிதல்ல. மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் இருக்கிறது. 1998இல் தொடங்கிய நைட்டிங்கேல்ஸ் மருத்துவ அறக்கட்டளை கஸ்தூரி நகரில் மறதி நோய் மையம் நடத்துகிறது. நிம்ஹான்ஸோடு சேர்ந்து கர்நாடக அரசு 2022இல் மூளைநலத் திட்டம் தொடங்கியது. ஆனால் தேவை மலையளவு. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயோடு வாழ்கிறார்கள் என்று 2023இல் வந்த தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இத்தனை பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்கு வாரம் இரண்டு முறை ஆட்டோ பிடித்து வரமுடியாது. பலகைதான் தெருவுக்குப் போகவேண்டும்.

உதாரணத்துக்குப் பெங்களூரின் மர்பி டவுனைச் சொல்கிறேன். அலசூர் ஏரிக்குப் பக்கம், முன்பு நாக்ஸ்பேட்டை என்று அழைக்கப்பட்டு, பின்னர் பொறியாளர் மர்பியின் பேர் பெற்ற பகுதி. 1809இல் தண்டு, அதாவது கன்டோன்மென்ட், அமைந்தபின் தமிழ்ச் சீமையிலிருந்து பட்டாளத்தின் பின்னே வந்து வேர்விட்ட உழைப்பாளிக் குடும்பங்களின் தமிழ் இன்றும் இந்தத் தெருக்களில் கேட்கிறது.

இங்கே பிறந்து இன்று எண்பது வயதான ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பிறந்தபோது தண்டுப் பகுதி வெள்ளைக்காரர் நிர்வாகத்தில் இருந்தது, 1947இல்தான் மைசூர் சமஸ்தானத்துக்குத் திரும்பியது. அவர் இளைஞராக இருக்கும்வரை மாநிலத்தின் பேர் மைசூர், 1973இல் கர்நாடகம் ஆயிற்று. ஊரின் பேர் 2014இல் அதிகாரபூர்வமாக பெங்களூரு ஆயிற்று. உலகமெங்கும் பயன்படும் நினைவுச் சோதனையில் 30 மதிப்பெண்ணுக்கு 10 மதிப்பெண் இடமும் காலமும் பற்றிய கேள்விகளுக்கு. "எந்த மாநிலம்?" என்ற கேள்விக்கு அவர் "மைசூர்" என்றால் தாளில் தப்பு. குழுவிலோ அது ஒரு மணி நேரப் பேச்சுக்கு வாசல். அன்று மில் சங்கு எத்தனை மணிக்கு ஊதியது, சினிமா டிக்கெட் என்ன விலை, யார் யாரோடு நடந்தே போய்ப் பார்த்தார்கள்?

காட்சிப் படங்களுக்கும் பஞ்சமில்லை. அலசூர் ஏரிக்கரையில் நிற்கும் திருவள்ளுவர் சிலையின் படத்தை நடுவில் வையுங்கள். பதினெட்டு ஆண்டு மூடிக்கிடந்து 2009 ஆகஸ்ட் 9ஆம் தேதி திறக்கப்பட்ட சிலை அது. அந்த ஆண்டுகளைப் பற்றிக் கருத்துச் சொல்லாத தமிழர் இங்கே இருக்க மாட்டார். அடுத்த பண்டிகை என்ற வரியில் ஆடி மாதம் மாரியம்மன் கூழ் வரும், செப்டம்பர் 8 சிவாஜிநகர் ஆரோக்கிய மாதா திருநாள் வரும், ரம்ஜான் வரும். எழுதுவதற்கு முன் யார் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று கேட்டால் போதும்.

இந்த மக்களிடம் இன்னொரு சொத்தும் இருக்கிறது. வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், பக்கத்துத் தெருவில் உருது, வேலையில் கொஞ்சம் இங்கிலீஷ் என்று பேசியே வளர்ந்தவர்கள். பின்னர் நிம்ஹான்ஸில் நரம்பியல் பேராசிரியரான சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் ஹைதராபாதில் 648 மறதி நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் எழுதினார்கள்: ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசுகிறவர்களுக்கு நோய் சராசரியாக நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. பள்ளிக்கூடம் போகாதவர்களிடமும் இதைக் கண்டார்கள். ஆகவே மர்பி டவுன் பலகையில் ஒரே மொழிதான் என்று யாரும் கட்டாயப்படுத்த வேண்டாம். தமிழில் தொடங்கி, கன்னடத்தில் பதில் சொல்லி, உருதுப் பாட்டில் முடிந்தாலும் அது நல்ல அமர்வே.

இதற்கு என்ன தேவை? ஓர் அறை. கோயில் மண்டபமோ, சர்ச் ஹாலோ, நூலகத்தின் ஒரு மூலையோ போதும். கைப்பிடி உள்ள எட்டு நாற்காலி. பயிற்சி பெற்ற இருவர். அவர்கள் டாக்டராக இருக்க வேண்டியதில்லை, நர்ஸோ ஆஷா பணியாளரோ பொறுமையுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியரோ கற்றுக்கொள்ளலாம். தனியே வரமுடியாதவர்களை வீட்டுக்குப் போய் அழைத்து வர ஒரு தம்பி. நகர வார்டுகளில் அரசு திறந்திருக்கும் 'நம்ம கிளினிக்' என்ற சிறு மருத்துவ மையங்கள் ஆரம்ப நிலையில் உள்ளவர்களைக் கண்டறிந்து இங்கே அனுப்பலாம். மாநகராட்சிக்கும் சுகாதாரத் துறைக்கும் இது பெரிய செலவே இல்லை. அவர்கள் இதைச் செய்ய வேண்டும்.

அதுவரை வீட்டில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. விருந்தாளி வந்ததும் "நைனா, இது யாரு சொல்லு பாப்போம்?" என்று தகப்பனாரைக் கேட்பதை நிறுத்துங்கள். "பாட்டி, நான் யாரு?" என்று பேரப்பிள்ளை கேட்டால், பேரை முதலில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கச் சொல்லிக் கொடுங்கள். "நைனா, நம்ம பெரியக்கா மகன் சேகர் வந்திருக்கான். இவன் கல்யாணத்துல சாப்பாடு எப்படி இருந்துச்சு, சொல்லு." முதல் கேள்வி அவரைத் தோற்கடிக்கிறது, இரண்டாவது அவரைப் பேசவைக்கிறது. பலகை முப்பது நாற்பது ஆண்டுகள் அலைந்து கற்ற பாடம் இதுதான், நாம் இன்று மாலையே கற்றுக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மறதி கூடிக்கொண்டே போனால், வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். முதியோர் உதவி எண் 14567க்குப் பேசி வழி கேளுங்கள். நோய் என்று தெரிந்தால் அதை முதலில் சொல்லவேண்டியது அவரிடம்தான்.